எந்தச் சொல்லை அழுத்துவது?

மன்னார்–பூநகரி வீதியிலுள்ள இலுப்பைக்கடவையில், தம்பி வள்ளத்தை விற்றுவிட்ட கோபத்தில் இருக்கும் ஓர் அண்ணரிடம், "நீங்கள்தானாமே விக்கச் சொன்னது?" என்று கேட்டால் என்ன சொல்வார்? "நானோ விக்கச் சொன்னனான்?" என்றால் சொன்னது வேறு ஆள். "வள்ளத்தையோ விக்கச் சொன்னனான்?" என்றால் விற்கச் சொன்னது வலையையோ இஞ்சினையோ. "விக்கவோ சொன்னனான்?" என்றால் வாடகைக்குக் கொடுக்கச் சொல்லியிருப்பார். ஓகாரம் இடம் மாற மாற, சொல்லாமல் விட்ட செய்தியும் மாறுகிறது. தொல்காப்பியர் இடையியலில் ஓகாரத்துக்குத் தரும் ஆறு பொருள்களில் ஒன்றான ஒழியிசை இதுதான்.

இதையே ஆங்கிலத்தில் "ஐ டிட்ன்ட் டெல் ஹிம் டு செல் த போட்" என்ற ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். அங்கே ஓகாரத்தின் வேலையைக் குரல் செய்கிறது. 'ஐ'யை அழுத்தினால் நானோ, 'செல்'லை அழுத்தினால் விக்கவோ, 'போட்'டை அழுத்தினால் வள்ளத்தையோ. தாளில் எழுதிவிட்டால் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. பாடப்புத்தகத்தை மட்டும் நம்பும் பிள்ளைக்கு அது எட்டாமலே போகிறது.

அழுத்துவது என்றால் கத்துவது அல்ல. அந்தச் சொல் கொஞ்சம் நீளும், சுருதி ஏறி இறங்கும், பின்னால் வரும் சொற்கள் தாழ்ந்து ஒலிக்கும். 'ஹிம்' தேய்ந்து 'இம்' ஆகும். எங்கள் பிள்ளைகளுக்குச் சிரமம் இந்தத் தேய்வில்தான். எல்லா அசையையும் முழுசாகச் சொல்லிப் பழகிய வாய் அது.

அழுத்தம் தவறினால் என்ன ஆகும்? மொழியியலாளர் ஜோன் கம்பர்ஸ் 1982இல் வெளியிட்ட நூலில் லண்டன் பஸ் ஒன்றைப் பற்றி எழுதுகிறார். மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த சாரதி, "எக்ஸாக்ட் சேஞ்ச், ப்ளீஸ்" என்று 'ப்ளீஸ்'ஸை உரத்து அழுத்துகிறார். பயணிக்கு அது மிரட்டலாகக் கேட்கிறது. மரியாதைக்காகச் சொன்ன சொல்லே அவமரியாதையாகிவிட்டது. புலம்பெயர்ந்து போய்க் கடைகளிலும் மருத்துவமனைகளிலும் வேலை செய்யும் எங்கள் ஆட்களை நினைத்தால் இது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை. இங்கே இலங்கையிலும் அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி ஆக்கியிருக்கிறது. இணைப்பு என்றால் கேட்பவருக்குச் சரியாகப் போய்ச் சேர வேண்டாமா?

ஆங்கில ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன்: தமிழிலிருந்தே தொடங்குங்கள். "நாளைக்குத்தான் வாறா", "அவதான் நாளைக்கு வாறா" என்று முதலில் பிள்ளைகள் சொல்லட்டும். 'தான்' எந்தச் சொல்லில் ஒட்டியது என்று கேளுங்கள். பிறகு "ஷீ இஸ் கமிங் டுமாரோ"வில் அதே சொல்லை அழுத்தச் சொல்லுங்கள், மற்றவற்றை மெல்ல விடச் சொல்லுங்கள்.