ஆட்டுக்குட்டியும் நம் விருந்தாளிதான்

நல்ல காரியம் என்று நினைத்துச் செய்வதில்கூடச் சில சமயம் பாவம் வந்து ஒட்டிக்கொள்கிறது. 2023-ஆம் வருஷம் சித்திரை மாதம் எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

காது கேளாத குழந்தைகள் படிக்கும் பள்ளி ஒன்றுக்கு வேன் வாங்க, கோவில்பட்டியில் எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து ஒரு நாள் சந்தை நடத்தினோம். பலகாரக் கடை, ஊறுகாய்க் கடை, ராட்டினம் எல்லாம் உண்டு. "டவுன் பிள்ளைங்க ஆட்டுக்குட்டியைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. நாலு குட்டியைக் கொண்டாந்து விட்டா, தலைக்குப் பத்து ரூபாய் வாங்கலாமே" என்று யோசனை சொன்னவள் நான்தான்.

இருபது கிலோமீட்டர் தள்ளி என் பிறந்த ஊர். அங்கே பெரியம்மா கன்னி ஆடு வளர்க்கிறார். கறுப்பு உடம்பும், முகத்தின் இரு பக்கமும் வெள்ளைக் கோடுமாகப் பார்க்க அத்தனை அழகு. அவருக்கு அந்த ஆடுகள்தான் பிழைப்பு. "கொண்டு போ தாயி, பத்திரமா திருப்பி விட்டுரு" என்றார்.

இரண்டு பெரிய ஆடு, நாலு குட்டி, ஆறு கோழி. எல்லாவற்றையும் ஒரு 'குட்டியானை' வண்டியில் ஏற்றினோம். துள்ளிக் குதித்துவிடுமே என்று ஆடுகளின் காலைக் கட்டினோம். கோழிகளையும் காலைக் கட்டி மூலையில் போட்டோம். வெயில் படாமல் இருக்கட்டும் என்று தார்ப்பாயை இழுத்து மூடினேன். மணி பத்தரை. வழியில் மளிகை வாங்க அரை மணி நேரம் வண்டியை நிறுத்தினோம்.

பந்தலுக்கு வந்து தார்ப்பாயை விலக்கினால், மூன்று கோழிகள் செத்துக் கிடந்தன. ஒரு குட்டி வயிறு உப்பி, நாக்கைத் தள்ளிக் கிடந்தது. ஓடிப் போய்க் கால்நடை டாக்டரைக் கூட்டி வந்தோம். அவர் கட்டை அவிழ்த்து, குட்டியை நிமிர்த்தி வைத்து, வயிற்றில் சேர்ந்த வாயுவை வெளியேற்றினார். எப்படியோ பிழைத்துக்கொண்டது.

சாயங்காலம் பெரியம்மா முகத்தில் விழிக்கவே கூசியது. கோழிக்குப் பணம் நீட்டினேன்; வாங்கவில்லை. "வாயில்லாச் சீவன் தண்ணி வேணும்னு கேக்காது தாயி. நாமதான் நினைக்கணும்" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

அடுத்த வருஷம், 2024-இல், சந்தையைத் தை மாதத்துக்கு மாற்றினோம். டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன். அவர் சொன்னதைச் சகோதரிகளுக்கும் சொல்கிறேன்.

கோழிக்கு வியர்வையே கிடையாது. அலகைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அதனால் காற்றோட்டமான கூண்டில்தான் ஏற்ற வேண்டும். மேலே நிழல் போதும். பக்கங்களை மூடவே கூடாது.

ஆட்டின் காலைக் கட்டிப் படுக்கப் போட்டால் ஏப்பம் விட முடியாமல் வயிறு உப்பும். நின்றபடியே வரட்டும். வழுக்காமல் இருக்கத் தரையில் சாக்கு விரித்து, மேலே வைக்கோல் பரப்புங்கள். பலகை சாய்த்து நடத்தி ஏற்றுங்கள். காதையும் கொம்பையும் பிடித்து இழுக்காதீர்கள். குட்டி தாயோடு இருக்கட்டும். முட்டுகிற கிடாவைத் தனியாகத் தடுத்து வையுங்கள். ஓர் ஆட்டுக்கு 0.3 சதுர மீட்டர், அதாவது மூன்று சதுர அடிக்குச் சற்றுக் கூடுதல் இடம் வேண்டும் என்று 2015-இல் மோட்டார் வாகன விதிகளில் சேர்த்திருக்கிறார்களாம்.

கிளம்புமுன் தண்ணீர் காட்டி, கொஞ்சம் பசுந்தழை கொடுத்தால் போதும். அரிசி, சோளம் என்று வயிறு முட்ட வைக்கக் கூடாது. விடியற்காலையில் கிளம்பி, வழியில் எங்கும் நிற்காமல் நிதானமாக வர வேண்டும். நோய் கண்டது, நிறைசினை, பிறந்து சில நாளே ஆன குட்டி ஆகியவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் ஆட்டின் சாணத்திலும் கிருமி இருக்கலாம். 2009-இல் இங்கிலாந்தில் குழந்தைகள் ஆடுமாடுகளைத் தொட்டு விளையாடும் ஒரு பண்ணையிலிருந்து ஈ.கோலை கிருமி பரவி 93 பேர் நோயுற்றார்கள். பெரும்பாலோர் பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். ஆகவே பட்டிக்குள் தின்பண்டமோ பால் புட்டியோ வேண்டாம். வெளியே வந்ததும் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கை கழுவ வேண்டும். கையில் தடவும் சானிடைசர் அதற்கு ஈடாகாது. கர்ப்பிணிகள் குட்டி ஈனும் ஆட்டின் பக்கம் போகவே கூடாது.

இந்த முறை பெரியம்மாவும் வண்டியில் வந்தார். பட்டியின் ஒரு மூலையைத் தடுத்து, "ஆடு இங்கே ஒதுங்கினா யாரும் தொடப்படாது" என்று சட்டம் போட்டார். மணிக்கு ஒரு தரம் ஆடுகளுக்கு ஓய்வு.

பள்ளியிலிருந்து வந்த ஒரு சிறுமி குட்டியின் கழுத்தில் கை வைத்தாள். அது கத்தியபோது, காதில் கேட்காவிட்டாலும் கையில் தெரிந்த அதிர்வை உணர்ந்து கலகலவென்று சிரித்தாள். பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பொழுது சாய்ந்து, ஏற்றிவந்த உருப்படிகள் எல்லாம் ஒன்றுகூடக் குறையாமல் ஊர் திரும்பியபோதுதான் எனக்கும் நிம்மதி வந்தது.