உலோகம் விழுங்கும் வாயு

மங்கலம்பேட்டை, விருத்தாசலம் வட்டாரத்தில் பீங்கான் வேலை அறிந்தவர்களிடம் ஜிர்கான் மாவு என்றால் விளக்கம் தேவைப்படாது. கிளேஸில் அதைக் கலந்தால் அடியிலுள்ள மண்ணின் நிறம் மறைந்து பாத்திரம் வெள்ளை வெளேரென்று வரும். ஜிர்கான் கிடைக்கும் இடங்களில் ஒன்று குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை. அங்குள்ள கனத்த மணலில் ஜிர்கானோடு இல்மனைட்டும் மோனசைட்டும் கலந்தே கிடக்கின்றன. ஜிர்கானிலிருந்து ஜிர்கோனியம், இல்மனைட்டிலிருந்து டைட்டானியம், மோனசைட்டிலிருந்து லாந்தனம் என மூன்று உலோகங்களைப் பிரித்தெடுக்க முடிகிறது. மூன்றுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு: ஹைட்ரஜன் வாயு பட்டால் அதைத் தமக்குள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தக் குணம் ஓரிடத்தில் வரமாகவும் இன்னோரிடத்தில் ஆபத்தாகவும் இருப்பதால், இதை ஆராய்வதற்கென்றே வாழ்நாளைக் கொடுத்த வேதியியலாளர்கள் இருக்கிறார்கள்.

முதலாமவர் தாமஸ் கிரகாம். பிளஸ் ஒன் வேதியியலில் வாயு விரவல் விதி படித்தவர்களுக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும். 1805இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். வாயுக்கள் எப்படி நகர்கின்றன, எதற்குள் புகுகின்றன என்ற ஒரே கேள்வியை இளமை முதல் விடாமல் பிடித்திருந்தார். லண்டன் நாணயச்சாலையின் தலைமைப் பொறுப்புக்குப் போன பிறகும் ஆய்வை நிறுத்தவில்லை. 1866இல் பல்லேடியம் என்ற வெண்ணிற உலோகம் தன் கனஅளவைப் போல பல நூறு மடங்கு ஹைட்ரஜனை ஏற்பதைக் கண்டார். மின்பகுப்பில் பல்லேடியக் கம்பியை எதிர்மின்முனையாக வைத்தபோது அளவு 900 மடங்கை எட்டியது. வாயு ஏறியதும் கம்பி நீண்டது. வெளியேற்றியபோது பழைய நீளத்தோடு நிற்காமல், அதைவிடவும் குறுகிப் போனது. அந்தச் சிறு வித்தியாசத்தையும் அலட்சியம் செய்யாமல் அளந்து எழுதிவைத்தார் என்பதுதான் அவர்மீது எனக்கு மதிப்பைக் கூட்டுகிறது. ஹைட்ரஜனே ஆவி வடிவில் இருக்கும் ஓர் உலோகம் என்று கருதி அதற்கு ஹைட்ரஜீனியம் என்று பெயரிட்டார். அந்தக் கருத்து நிலைக்கவில்லை, அளவுகள் நிலைத்தன. 1869இல் காலமானார்.

உள்ளே நடப்பது என்ன? ஹைட்ரஜன் மூலக்கூறு இரண்டு அணுக்களின் ஜோடி. உலோகப் பரப்பைத் தொட்டதும் ஜோடி பிரிகிறது. தனி அணுக்கள் உலோக அணுக்களின் நடுவேயுள்ள சந்துகளில் புகுந்து இடம்பிடிக்கின்றன. சூளையில் பானைகளை எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் நடுவே இடைவெளி மிஞ்சுமே, அப்படிப்பட்ட இடங்கள் அவை. புகுந்த அணுக்கள் இடத்தை அகட்டுவதால் உலோகம் உப்புகிறது. லாந்தனமும் நிக்கலும் ஒன்றுக்கு ஐந்து என்ற விகிதத்தில் சேர்ந்த உலோகக் கலவை கிட்டத்தட்ட கால் பங்கு பெருத்துவிடும். ஏற்றி இறக்கும்போது தானாகவே நொறுங்கிப் பொடியாகும். ஒரு கனமீட்டர் திரவ ஹைட்ரஜனின் எடை ஏறக்குறைய 71 கிலோதான். இந்தக் கலவையிலோ, அதே இடத்துக்குள் 100 கிலோவுக்கும் மேல் ஹைட்ரஜன் அடங்குகிறது. மைனஸ் 253 டிகிரிக் குளிரும் வேண்டாம், சிலிண்டரின் பெரும் அழுத்தமும் வேண்டாம். அறை வெப்பத்தில் இரண்டு, மூன்று வளிமண்டல அழுத்தமே போதும்.

உலோகம் எவ்வளவு வாயுவை ஏற்கிறது என்பதை அளக்கும் கருவி பார்வைக்கு எளியது. கொள்ளளவு துல்லியமாகத் தெரிந்த ஒரு கலம், ஓர் அழுத்தமானி, சூட்டை ஒரே நிலையில் வைக்கும் ஏற்பாடு. ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் சீவெர்ட்ஸ் பெயரால் அது வழங்குகிறது. கொஞ்சம் வாயுவை விட்டு, அழுத்தம் எவ்வளவு இறங்கியது என்று பார்த்து, உலோகத்துக்குள் போனதைக் கணக்கிட வேண்டும். பிறகு இன்னும் கொஞ்சம். புள்ளிகளை இணைத்தால் முதலில் ஏற்றம், பிறகு நீண்ட சமதளம், மறுபடி ஏற்றம் என ஒரு கோடு வரும். அந்தச் சமதளத்தில்தான் உலோகம், ஹைட்ரஜன் சேர்ந்த சேர்மமான ஹைட்ரைடாக மாறிக்கொண்டிருக்கிறது. வாயுவை ஏற்றும்போது கிடைக்கும் சமதளமும் இறக்கும்போது கிடைக்கும் சமதளமும் ஒன்றாக இருப்பதில்லை. ஏற்றும் அழுத்தம் எப்போதும் சற்று அதிகம். அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழக வேதியியலாளர் டெட் ஃபிளனகன் பல்லேடியத்தையும் அதன் கலவைகளையும் வைத்து இத்தகைய கேள்விகளைப் பல பத்தாண்டுகள் துருவினார். அவசரக்காரர்களுக்கு ஏற்ற துறை அல்ல இது.

லாந்தனம்-நிக்கல் கலவையின் இந்தத் திறன் தெரியவந்தது 1960களின் இறுதியில், நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வகத்தில். அவர்கள் தேடியது நல்ல காந்தம். கையில் அகப்பட்டது ஹைட்ரஜன் களஞ்சியம். அந்த வழியில் வந்ததுதான் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. கேமராவில் போட்ட ரீசார்ஜ் செல்லிலும், 1997இல் வந்த டொயோட்டா பிரியஸ் காரிலும் இருந்தது அதுவே.

லாந்தனம்-நிக்கல் கலவையையே வண்டிக்கு எரிபொருள் தொட்டியாக வைக்கலாமே என்றால், எடைதான் குறுக்கே நிற்கிறது. 100 கிலோ கலவை ஏற்பது ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவான ஹைட்ரஜன். கார் ஒன்றுக்கு 5 கிலோ தேவையென்றால் 350 கிலோ உலோகத்தைச் சுமக்க வேண்டும். எடை உறுத்தாத இடம் நீர்மூழ்கிக் கப்பல். ஜெர்மனியின் 212 வகைக் கப்பல்கள் ஹைட்ரைடு தொட்டிகளிலிருந்துதான் எரிபொருள் மின்கலங்களுக்கு ஹைட்ரஜன் எடுக்கின்றன. நம் நாட்டில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் ஓ. என். ஸ்ரீவஸ்தவா, ஹைட்ரைடில் சேமித்த ஹைட்ரஜனைக் கொண்டு மோட்டார் சைக்கிளை ஓட்டிக் காட்டினார். சென்னை ஐஐடியில் எஸ். சீனிவாச மூர்த்தி குழுவினர் வேறு வழியில் யோசித்தார்கள். ஹைட்ரஜன் ஏறும்போது உலோகம் சுடுகிறது, வெளியேறும்போது குளிர்கிறது. வீணாகும் வெப்பத்தைக் கொண்டு இந்தச் சுழற்சியை நடத்தினால், கம்ப்ரஸர் இல்லாமலே குளிரூட்ட முடியும். நம் ஊர் வெயிலுக்கு இதுவே பொருத்தமான ஆராய்ச்சி என்பது என் எண்ணம்.

ஆபத்தான பக்கத்தைப் பார்க்க நெய்வேலி வரை போனால் போதும். அனல்மின் நிலைய வேலை பார்த்த வெல்டரைக் கேளுங்கள்: லோ ஹைட்ரஜன் ராடை ஏன் ஓவனில் சூடாக்கி எடுக்கிறீர்கள் என்று. ராடின் மேல்பூச்சில் ஈரம் இருந்தால், மின்வில்லின் சூட்டில் அந்த நீர் பிரிந்து ஹைட்ரஜன் எஃகுக்குள் போய்விடும். வெல்டிங் அன்றைக்கு நன்றாகத்தான் தெரியும். ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துப் பக்கத்திலேயே விரிசல் விடும்.

கல்பாக்கத்தில் இதே பகை இன்னும் மெதுவாக வேலை செய்தது. அங்குள்ள சென்னை அணுமின் நிலையத்தின் ஒவ்வோர் உலையிலும் 306 அழுத்தக் குழாய்கள். முதலில் போட்டவை ஜிர்கலாய்-2 என்னும் ஜிர்கோனியக் கலவை. உள்ளே கிட்டத்தட்ட 300 டிகிரிச் சூட்டில் கனநீர் ஓடும். ஜிர்கோனியத்தின் மேல் படியும் ஆக்சைடு ஒருவகைப் பீங்கான் தோல். அது உறுதியாக இருக்கும்வரை ஹைட்ரஜன் எளிதில் நுழையாது. தோல் தளர்ந்தால் கனநீரின் ஹைட்ரஜன், அதாவது டியூட்டிரியம், ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக உள்ளே சேரும். அது குளிர்ந்த பகுதியை நாடி நகரும் இயல்புடையது. கனத்தால் குழாய் தொய்ந்து, வெளியே சூழ்ந்திருக்கும் குளிர்ந்த குழாயைத் தொட்டுவிட்டால், தொட்ட புள்ளியில் ஹைட்ரைடு கொப்புளமாகத் திரளும். கொப்புளம் கண்ணாடிபோல் உடையக்கூடியது. 1983 ஆகஸ்டில் கனடாவின் பிக்கரிங் நிலையத்தில் ஒரு குழாய் இப்படித்தான் ஏறத்தாழ 2 மீட்டர் நீளத்துக்குப் பிளந்தது.

அந்த நிகழ்வின் பிறகு உலகெங்கும் இத்தகைய குழாய்கள்மேல் கவனம் திரும்பியது. கல்பாக்கத்தில் 2002 தொடங்கி, ஒவ்வோர் உலையாக நிறுத்தி, எல்லாக் குழாய்களையும் எடுத்துவிட்டு, ஹைட்ரஜனை மெதுவாக ஏற்கும் ஜிர்கோனியம்-நையோபியம் கலவைக் குழாய்களைப் பொருத்தினார்கள். புதியவையும் கண்காணிப்புக்கு அப்பாற்பட்டவை அல்ல. பாபா அணு ஆராய்ச்சி மையம் இதற்கென்றே ஒரு சுரண்டும் கருவியை உருவாக்கியது. குழாயைக் கழற்றாமலே அதன் உட்சுவரிலிருந்து மெல்லிய சீவல் ஒன்றை அது எடுத்துவரும். பத்து லட்சத்தில் எத்தனை பங்கு ஹைட்ரஜன் ஏறியிருக்கிறது என்று வேதியியலாளர்கள் அந்தச் சீவலில் அளக்கிறார்கள். குழாய் இன்னும் எத்தனை ஆண்டு உழைக்கலாம் என்ற கணக்கு அந்த எண்ணை வைத்துத்தான் போடப்படுகிறது.