வரப்பை வெட்டிவிட்ட தண்ணீர்

திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவில் எங்கள் கழனி. ஐப்பசி, கார்த்திகை வந்தால் மண்வெட்டி கையிலேயே இருக்கும். இளநடவு மூழ்கினால் வரப்பை வெட்டி வடியவிட வேண்டும். மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, வேரில் தண்ணீர் நிற்கவே கூடாது. 2024 ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியபோது, வெட்டாத வரப்பு எங்கள் பக்கம் இல்லை. வடிகால் இல்லாமல் விவசாயம் கிடையாது. வடிகிற தண்ணீர் எதை வாரிக்கொண்டு எங்கே போகிறது என்பதுதான் என் கவலை.

45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து ஏறக்குறைய 21 கிலோ. பயிர் அதில் பாதியை எடுத்தாலே பெரிது. நெல் வயலில் மேலுரம் போட்ட மறுநாளே மழை பிடித்து நாம் மடையைத் திறந்தால், கரைந்த உரம் அப்படியே வாய்க்காலுக்குப் போகிறது. மல்லாட்டை, கரும்புக் கொல்லைகளில் கதை வேறு. காற்றோட்டமுள்ள மண்ணில் யூரியா சில வாரங்களில் நைட்ரேட்டாக மாறும். களித்துகள் நைட்ரேட்டைப் பிடித்து வைக்காது. மணற்பாங்கான செம்மண்ணில் அடுத்த மழைக்கே அது வேரைத் தாண்டிக் கீழே இறங்கி, கிணற்று ஊற்றில் சேரும்.

குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட்தான் எல்லை. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 அறிக்கைப்படி, தமிழ்நாட்டில் எடுத்த மாதிரிகளில் சுமார் 38 சதவீதம் அந்த எல்லையைத் தாண்டின. நாட்டிலேயே அதிகம் பாதிக்கப்பட்ட 15 மாவட்டங்களில் எங்கள் விழுப்புரமும் ஒன்று. பழி முழுவதும் உரத்தின் மேல் இல்லை. கழிவறைத் தொட்டியும் மாட்டுச் சாணக் குழியும்கூடக் காரணம். ஆனால் மூட்டை மூட்டையாகக் கொட்டுவது நாம்தான்.

மணிச்சத்து இன்னொரு வழியில் போகிறது. அது மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். வரப்பு உடைந்து செந்நீர் ஓடும்போது வண்டலோடு ஏரிக்குள் இறங்கும். தை மாதத்தில் ஏரித் தண்ணீர் பச்சைப் பசேலென்று படர்வதற்கு அதுவும் ஒரு காரணம். பாசி செத்து அழுகும்போது தண்ணீரில் உள்ள பிராணவாயுவைத் தின்றுவிடும், மீன் மிதக்கும். எங்கள் பக்கத்து ஏரிகள் சங்கிலி ஏரிகள். ஒன்றின் கலங்கல் வழிந்தால் அடுத்தது நிரம்பும். கிழக்கே ஓடுவது மரக்காணம் பக்கம் கழுவேலியில் சேர்கிறது; 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்த அதே கழுவேலி. தெற்கே சங்கராபரணியில் விழுவது புதுச்சேரிக்குப் போகிறது.

செய்யக்கூடியது பெரிய வித்தை இல்லை. மழை அறிவிப்பைப் பார்த்துவிட்டு மேலுரம் போடுங்கள். ஒரே தவணையில் கொட்டாமல் மூன்றாகப் பிரித்துப் போடுங்கள். உரமிட்ட பிறகு பயிர் தாங்கும் வரை மடையை அடைத்தே வையுங்கள். வடிவாய்க்காலில் முளைக்கும் கோரையையும் புல்லையும் மருந்தடித்துக் கருக்காதீர்கள். ஓடுகிற தண்ணீரிலிருந்து சத்தையும் வண்டலையும் அவைதான் தடுத்து நிறுத்துகின்றன.

நைட்ரேட்டுக்கு நிறமோ வாடையோ கிடையாது. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அது ரத்தத்தில் பிராணவாயு ஏறவிடாமல் செய்து, உடம்பையே நீலமாக்கிவிடும். விழுப்புரத்தில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. கழனிக் கிணற்றுத் தண்ணீரில் பால்மாவு கரைக்கிற வீடு எதுவானாலும், முதலில் ஒரு பாட்டில் தண்ணீரை அங்கே கொடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.