கசடு குருணையாகும் கதை – 9: ஐந்து நிமிடத் தேர்வு

குருணை என்றால் என்ன என்பதைத் திரும்ப விளக்கப் போவதில்லை. அளவு 0.2 மில்லிமீட்டருக்குக் குறையாமல், கலக்கல் நின்ற பிறகும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல், சட்டென அடியில் இறங்கும் பாக்டீரியாத் திரள் என்பது நினைவிருந்தால் போதும். இந்த வாரம் கால்சியம் என்று சொல்லியிருந்தேன். சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து 2004-இல் வெளியான ஒரு சோதனை குறுக்கே வந்துவிட்டது.

யூ லியூ, ஜூ-ஹ்வா டே குழுவினர் செய்தது இவ்வளவுதான். கழிவுநீர்த் தொட்டிகளில் காற்றை நிறுத்தியபின் கசடு படியக் கொடுக்கும் நேரத்தை மட்டும் தொட்டிக்குத் தொட்டி மாற்றினார்கள்: 20, 15, 10, 5 நிமிடங்கள். நேரம் முடிந்ததும் மேல்நீர் வெளியேறும். படியாதது அதோடு போகும். குருணை கோலோச்சியது 5 நிமிடத் தொட்டியில் மட்டும். மற்றவற்றில் குருணையும் பஞ்சுபோன்ற மென்கசடும் கலந்தே கிடந்தன. கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். வெளியேற்றும் வாய் நீர்மட்டத்திலிருந்து 60 செ.மீ. கீழே இருப்பதாக வைத்துக்கொள்வோம். 20 நிமிடம் கொடுத்தால், மணிக்கு 1.8 மீட்டர் வேகத்தில் இறங்கும் சோம்பேறிக் கசடும் தப்பிவிடும். ஐந்தே நிமிடம் என்றால் 7.2 மீட்டர் வேகம் வேண்டும். மென்கசட்டில் பெரும்பகுதி இங்கே தோற்றுவிடும். குருணைக்கோ இந்த வேகம் ஒரு பொருட்டே அல்ல.

அப்படியானால் கடிகாரம் ஒன்றே போதுமா? போதாது என்பதே என் கட்சி. முறத்தில் புடைத்தால் பதர் போகும், நெல் விளையாது. குருணையை விளைவிப்பது பாக்டீரியா சுரக்கும் பசை. (அந்தப் பசையைப் பிரித்தெடுத்து ‘கௌமெரா’ என்று விற்க, நெதர்லாந்தின் ஸுட்ஃபன் ஊரில் 2019-இல் ஓர் ஆலையே திறந்துவிட்டார்கள். அதுவும் பாலாலைக் கழிவுநீரிலிருந்து!) பசை சுரக்கவும் உருண்டை இறுகவும் பலத்த காற்றோட்டத்தின் உரசல்தான் வேண்டும் என்பார்கள் சிலர். தொட்டியில் காற்று நொடிக்கு 1.2 செ.மீ. வேகத்திலாவது மேலேற வேண்டும் என்பது டே குழுவின் முந்தைய முடிவு. ஆய்வகத்தில் அது சரிதான். ஆனால் சுத்திகரிப்பு நிலையத்தின் மின்கட்டணத்தில் பெரும்பங்கு காற்றூதும் இயந்திரத்துக்கே போகிறது. அந்தச் செலவில் ஊர்க் கழிவுநீரைச் சுத்திகரிப்பது நகராட்சிகளுக்குக் கட்டுப்படியாவது கடினம்.

இதற்கு விடை நெதர்லாந்தின் டெல்ஃப்டிலிருந்து வந்தது, அதே 2004-இல். டி குரூக், வான் லூஸ்ட்ரெஹ்ட் இருவரும் உணவு கொடுக்கும் வேளையை மாற்றிப் பார்த்தார்கள். காற்று ஓடும்போதே உணவு கிடைத்தால், வேகமாகப் பெருகும் பாக்டீரியா குருணையின் மேற்பரப்பில் தாறுமாறாகக் கிளைவிடும். ஆக்சிஜன் குறைந்ததும் குருணை குலையும். காற்றில்லாத நேரத்தில் உணவு கொடுத்தால், அதை உடலுக்குள் சேமித்துவைக்கும் பாக்டீரியாக்கள் முந்திக்கொள்ளும். பாஸ்பரஸ் சேர்ப்பவையும் இவற்றில் உண்டு. பிறகு காற்று வரும்போது அவை சேமிப்பைத் தின்று நிதானமாக வளரும். ஆக்சிஜன் குறைந்தாலும் குருணை வழுவழுப்பாக, உறுதியாக நிற்கும். 2012-இல் நெதர்லாந்தின் ஏப்பே ஊரில் திறந்த நிலையத்தில் கழிவுநீர் அடியிலிருந்து, காற்றில்லாமல், படிந்த குருணைப் படுகையினூடே ஏறுகிறது. சுத்தமான நீர் மேலே அதே நேரத்தில் வழிகிறது. மெதுவாகப் படியும் கசட்டைத் தேர்ந்து கழிக்கும் வேலையும் நடக்கிறது. கடிகாரத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் முதலிடம் பசிக்கும் தீனிக்கும்தான்.

கால்சியத்துக்கு இந்த வாரமும் இடமில்லை. அடுத்த வாரம் அதிலிருந்தே தொடங்குகிறேன். கரிம–நைட்ரஜன் விகிதம் பற்றிக் கேட்டவர்களும் அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.