எக்செல் கட்டங்களுக்குப் பின்னால் ஒரு காப்புரிமை வழக்கு

கடையின் மாதக் கணக்கை எக்செல்லில் போடுகிறவர்கள் பலர் லாபத்தை முதல் வரியிலேயே வைத்துக்கொள்வார்கள். வரவு, வாடகை, சம்பளம், மின்கட்டணம், கடைசியில் மொத்தச் செலவு என்று மற்றதெல்லாம் அதற்குக் கீழே வரும். வாடகையை மாற்றியதும் மேலே லாபம் மாறிவிடுகிறது. இதை யாரும் ஒரு கண்டுபிடிப்பாக நினைப்பதில்லை. ஆனால் மேலிருந்து கீழாக வரி வரியாகக் கணக்கிட்டுக்கொண்டு போகும் நிரலுக்கு இது எளிதான வேலை அல்ல. லாபத்தைக் கணக்கிடும் நேரத்தில் அடியில் உள்ள மொத்தச் செலவு இன்னும் பழையதாகவே இருக்கும். முழுத் தாளையும் இன்னொரு முறை கணக்கிட்டால்தான் சரியான லாபம் வரும். சூத்திரங்கள் சங்கிலியாக ஒன்றையொன்று நம்பியிருந்தால் மூன்று, நான்கு முறைகூடத் தேவைப்படலாம். எத்தனை முறை போதும் என்பது பயனாளருக்குத் தெரியாது. தவறான எண்ணும் சரியான எண்ணைப் போலவே திரையில் நிற்கும். இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. எந்தக் கட்டம் எந்தக் கட்டத்தைச் சார்ந்திருக்கிறது என்று முதலில் பார்த்து, எதையும் சாராதவற்றில் தொடங்கி, விடை கிடைத்தவற்றை மட்டுமே நம்பும் கட்டங்களை அடுத்தடுத்து முடித்துக்கொண்டு போகலாம். எழுதியவர் சூத்திரங்களை எந்த இடத்தில் வைத்திருந்தாலும் ஒரே சுற்றில் கணக்கு முடிந்துவிடும்.

இந்த வழிக்கு ரெனே பார்டோ, ரெமி லாண்டாவ் என்ற இருவர் 1970-ல் அமெரிக்கக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். மேசைக் கணினியே பிறக்காத காலம் அது. பெல் கனடா போன்ற தொலைபேசி நிறுவனங்களின் வரவுசெலவுத் திட்டப் படிவங்கள் பெருங்கணினிகளில் ஓடின. படிவத்தில் ஒரு வரியைச் சேர்க்க வேண்டுமென்றாலும் நிரலாளர் கைவைக்க வேண்டும். மேலாளர்களே சூத்திரங்களைத் தங்களுக்குத் தோன்றிய வரிசையில் எழுதிக்கொள்ள வழி செய்ததுதான் இவர்களின் லான்பார் என்ற மென்பொருள். காப்புரிமை அலுவலகம் மறுத்தது. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போய், 1982-ல் தீர்ப்பு இவர்கள் பக்கம் வந்து, 1983 ஆகஸ்டில் காப்புரிமை கையில் கிடைத்தது. அதற்குள் உலகம் மாறியிருந்தது. 1979-ல் வந்த விசிகால்க் வரிவரியாகவோ பத்திபத்தியாகவோ மட்டுமே கணக்கிட்டது. 1983-ல் வந்த லோட்டஸ் 1-2-3 சார்பு வரிசையில் கணக்கிட்டது. விண்ணப்பம் கோப்பில் கிடந்த 13 ஆண்டுகளில் அது சொன்ன சிக்கலைத் தொழில் தானாகவே சந்தித்து, தானாகவே தீர்த்துக்கொண்டும் விட்டது. 1989-ல் ரெஃபாக் என்ற நிறுவனம் அந்தக் காப்புரிமையில் ஒரு சிறு பங்கை வாங்கி, லோட்டஸ் உள்ளிட்ட நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தது. ரெஃபாக் மென்பொருள் எழுதும் நிறுவனம் அல்ல. உரிமைகளை வைத்துப் பணம் வசூலிப்பதே அதன் தொழில்.

வணிகக் கணினித் துறையின் காப்புரிமைச் சண்டைகளைப் பற்றிப் பேசும்போது, மென்பொருளுக்குக் காப்புரிமை வேண்டுமா வேண்டாமா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பது வழக்கமாகிவிட்டது. இந்தக் கேள்வியே தவறான இடத்தில் கோடு கிழிக்கிறது என்பது என் கருத்து. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972-ல் பென்சன் வழக்கில், இருமக் குறியீட்டில் எழுதிய பதின்ம எண்களைத் தூய இரும எண்களாக மாற்றும் முறையைக் கணிதம் என்று ஒதுக்கியது. 1978-ல் ஃப்ளூக் வழக்கிலும் அதே முடிவு. 1981-ல் டீர் வழக்கில் ரப்பரைப் பதப்படுத்தும் அச்சின் நேரத்தைக் கணினி கணித்துச் சொன்னபோது, ரப்பர் என்ற பொருள் இருப்பதால் சரி என்றது. கணிதமா, இயந்திரமா என்ற இந்த வாதத்தில் கண்டுபிடித்தவர் என்ன வேலை செய்தார் என்பது ஓரத்துக்குப் போய்விடுகிறது. பார்டோ, லாண்டாவ் விஷயத்தில் நியாயமாகக் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒன்றையொன்று சார்ந்த பணிகளை எந்த வரிசையில் முடிப்பது என்பதற்கான முறையை ஏ.பி.கான் என்பவர் 1962-லேயே கட்டுரையாக வெளியிட்டிருந்தார். பெரிய திட்டங்களின் வலையமைப்புகளுக்கு அது உதவியது. அதைக் கணக்குச் சூத்திரங்களுக்குக் கொண்டுவந்தது துறை அறிந்த எவருக்கும் தோன்றக்கூடியதா, அல்லது உண்மையான அடியெடுப்பா? இரு பக்கமும் வாதிடலாம். ஆனாலும் அது பொருளுள்ள வாதம்; கணிதம் எங்கே முடிகிறது என்று தேடுவது அப்படி அல்ல.

நான் கோடு போடும் இடம் இது: விண்ணப்பதாரர் உரிமை கேட்பது ஒரு வேலையைச் செய்யும் குறிப்பிட்ட வழிக்கா, அல்லது அந்த வேலைக்கேவா? தண்ணீர் இறைக்கப் புதுவிதமான பம்பு செய்தவருக்கு உரிமை கொடுக்கலாம். தண்ணீர் இறைப்பதற்கே உரிமை கேட்டால் கொடுக்க முடியாது. 1968 ஏப்ரலில் மார்ட்டின் கோட்ஸ் என்பவருக்குக் கிடைத்ததைத்தான் உலகின் முதல் மென்பொருள் காப்புரிமை என்பார்கள். காந்த நாடாக்களில் உள்ள பதிவுகளை வரிசைப்படுத்தும் முறை அது. சம்பளப் பட்டியலும் வாடிக்கையாளர் பட்டியலும் நாடாவில் கிடந்த காலத்தில், வரிசைப்படுத்துவதுதான் வணிகக் கணினி ஓயாமல் செய்த வேலை. கோட்ஸ் வரிசைப்படுத்துவதற்கு உரிமை கேட்கவில்லை. நாடாக்களைக் கையாளும் ஒரு முறைக்குக் கேட்டார். வேறு முறை தெரிந்தவர் வேறு முறையில் செய்துகொள்ளத் தடையில்லை.

முப்பது ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 1998-ல் ஸ்டேட் ஸ்ட்ரீட் வங்கி வழக்கில், பல பரஸ்பர நிதிகளின் பணத்தை ஒரே தொகுப்பில் சேர்த்து நிர்வகிக்கும் ஏற்பாட்டைக் கணினியில் ஓட்டுவதற்கும் காப்புரிமை செல்லும் என்று அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் சொன்னது. பயனுள்ள, திட்டவட்டமான விளைவு வந்தால் போதும் என்பது அதன் வாதம். கவனிக்க வேண்டிய சொல் விளைவு. அடுத்த ஆண்டே அமேசானின் ஒரே சொடுக்கில் வாங்கும் முறைக்குக் காப்புரிமை கிடைத்தது. வாடிக்கையாளரின் முகவரியும் அட்டை விவரமும் ஏற்கெனவே சேமிப்பில் இருக்கும். உலாவி அனுப்பும் அடையாளத்தைக் கொண்டு ஆளைக் கண்டுபிடித்து உடனே ஆர்டரைப் பதிவுசெய்வார்கள். அந்த அடையாளத்தைத் தரும் குக்கி 1994-லேயே நெட்ஸ்கேப்பில் வந்துவிட்டது. புதிதாக இருந்தது வாடிக்கையாளருக்குக் கிடைத்த வசதி மட்டுமே. 1999 டிசம்பரில் பார்ன்ஸ் அண்ட் நோபிள் புத்தகக் கடைக்கு நீதிமன்றம் தடை போட்டது. கடை தன் இணையதளத்தில் வேண்டுமென்றே இன்னொரு சொடுக்கைச் சேர்த்தது. ஒரு சட்டம் பொறியாளர்களை வேலையை மோசமாகச் செய்யும்படி தள்ளியதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. காப்புரிமை செல்லுமா என்பதே சந்தேகம் என்று சொல்லி 2001-ல் மேல்முறையீட்டில் தடை நீங்கியது, பிறகு சமரசமும் ஆனது. காப்புரிமை மட்டும் 2017-வரை உயிரோடு இருந்தது. 2014-ல் ஆலிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கதவைப் பாதி சாத்தியது: நடுவில் ஒருவரை நிறுத்திப் பணப் பரிமாற்றத்தை முடிக்கும் பழைய வழக்கத்தைக் கணினியில் செய் என்று சொல்வது கண்டுபிடிப்பாகாது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. காப்புரிமை இல்லையென்றால் சிறிய கண்டுபிடிப்பாளர் நசுங்கிப்போவார் என்பார்கள், விசிகால்க்கைச் சுட்டிக்காட்டுவார்கள். டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்ஸ்டனும் அதைக் கொண்டுவந்தபோது, காப்புரிமை கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்று வெளியீட்டாளரின் வழக்கறிஞர் சொல்லிவிட்டார், விண்ணப்பிக்கவில்லை. சில ஆண்டுகளில் லோட்டஸ் சந்தையைப் பிடித்தது. 1985-ல் பிரிக்ளினின் நிறுவனத்தையே வாங்கியது. வருத்தமான கதைதான். ஆனால் கட்டங்களில் சூத்திரம் எழுதுவது என்ற எண்ணத்துக்கே 1979-ல் உரிமை கொடுத்திருந்தால், விசிகால்க்கைவிட வேகமான லோட்டஸும், பிறகு எக்செல்லும் அனுமதி கேட்டு வாசலில் நின்றிருக்கும். பயனாளர்கள் இழந்திருக்கக்கூடியது இதைவிடப் பெரிது. மறுபக்கம், சிறியவர்கள் உண்மையிலேயே ஜெயித்த வழக்குகளைப் பாருங்கள். 1994-ல் ஸ்டாக் என்ற நிறுவனத்துக்கு மைக்ரோசாஃப்ட் 12 கோடி டாலர் தர வேண்டும் என்று ஜூரி சொன்னது. விஷயம் தரவைச் சுருக்கும் ஒரு குறிப்பிட்ட முறை. டொரண்டோவின் ஐ4ஐ நிறுவனத்துக்குச் சாதகமான ஏறத்தாழ 29 கோடி டாலர் தீர்ப்பை 2011-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அங்கே சர்ச்சை, ஆவணத்தின் உரையையும் அதன் குறியீடுகளையும் தனித்தனியாகச் சேமிக்கும் ஏற்பாட்டைப் பற்றியது. இரண்டிலும் உரிமை வழிக்குத்தான்.

பதிப்புரிமை இருக்கும்போது காப்புரிமை எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. பதிப்புரிமை எழுதிய நிரலை நகலெடுப்பதைத் தடுக்கும். அதே முறையை வேறு நிரலாக எழுதுவதைத் தடுக்காது. லோட்டஸ் தன் கட்டளைப் பட்டியலைப் போர்லாண்ட் நகலெடுத்தது என்று தொடுத்த வழக்கு 1996-ல் உச்ச நீதிமன்றத்தில் நான்குக்கு நான்கு என்று பிரிந்து, லோட்டஸ் தோற்றதாகவே நின்றது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் 1970-ல் வெளியிட்ட கட்டுரை. தரவுகளை அட்டவணைகளாக வைத்து உறவுபடுத்தும் அவரது மாதிரிதான் இன்றைய வங்கி, ரயில்வே, கிடங்கு மென்பொருள்கள் பலவற்றின் அடித்தளம். ஐபிஎம்மின் வெளியான கட்டுரைகளைப் படித்து லாரி எலிசனின் குழு 1979-ல் ஆரக்கிளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஐபிஎம்மின் சொந்தத் தயாரிப்பு பிறகுதான் வந்தது. பெரிய எண்ணங்கள் பொதுவில் கிடந்ததால் இந்தத் துறை வறண்டுவிடவில்லை.

வழி எது, விளைவு எது என்று பிரிப்பது அவ்வளவு எளிதா, கெட்டிக்கார வழக்கறிஞர் எதையும் வழி மாதிரி எழுதிவிட மாட்டாரா என்ற மறுப்பைத்தான் நான் கூடுதல் மரியாதையோடு எடுத்துக்கொள்கிறேன். இந்தியாவின் அனுபவம் இதற்குச் சான்று. நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு கணித முறைகளையும் வணிக முறைகளையும் அல்காரிதங்களையும் விலக்குகிறது; கணினி நிரல்களை ‘நிரல் என்ற அளவில் மட்டும்’ (per se) விலக்குகிறது. விளம்பரதாரர்கள் ஏலம் கேட்கும் தொகைக்கேற்பத் தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும் யாகூவின் முறையை, 2011-ல் சென்னையில் இயங்கிய அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் வணிக முறை என்று நிராகரித்தது. வலையமைப்பு, தரவுத்தளம் என்ற தொழில்நுட்பச் சொற்கள் விண்ணப்பத்துக்கு உதவவில்லை. ஆனால் காப்புரிமை அலுவலகத்தார் 2015-ல் வெளியிட்ட பரிசோதனை வழிகாட்டுதலை அந்த ஆண்டே நிறுத்திவைத்தார்கள். 2016-ல் புதிய வன்பொருள் இருந்தாக வேண்டும் என்றார்கள். 2017-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். 2019-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தொழில்நுட்ப விளைவு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னது. வன்பொருள் நிபந்தனை அபத்தமானது. நல்ல மென்பொருளின் பெருமையே சாதாரணக் கணினியில் ஓடுவதுதான். விளைவைப் பார்க்கச் சொல்வதும் எனக்குப் போதுமானதாகத் தெரியவில்லை. வேகமான ஆர்டர்கூட ஒரு விளைவுதானே.

பார்டோ, லாண்டாவ் காப்புரிமை எப்படி வீழ்ந்தது என்பதில் இதற்கு ஒரு குறிப்பு இருக்கிறது. விண்ணப்பத்தில் உள்ள விளக்கம் போதாது, அதைப் படித்து இன்னொரு நிரலாளர் இந்த மென்பொருளை உருவாக்க முடியாது என்று பரிசோதகர் முன்பு ஆட்சேபித்திருந்தார். முடியும் என்று வெளியார் சிலரின் பிரமாணப் பத்திரங்களைத் தாக்கல் செய்தார்கள். அவர்களில் ஒருவர் பார்டோ, லாண்டாவின் நிறுவனத்திலேயே சில வாரங்கள் வேலை பார்த்தவர். அதை மறைத்தது தெரியவந்ததால் 1996-ல் காப்புரிமையை அமல்படுத்த முடியாது என்று தீர்ப்பானது. பரிசோதகரின் அந்தக் கேள்விதான் வழியையும் விளைவையும் பிரிக்கும் சல்லடை. ஒரே சொடுக்கு மாதிரியான விண்ணப்பத்தை அதில் போட்டால், சொல்லிக்கொடுக்க அதில் ஒன்றுமே இல்லை என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். இந்தியச் சட்டத்தின் 10(4) பிரிவு கண்டுபிடிப்பையும் அது இயங்கும் விதத்தையும், விண்ணப்பதாரருக்குத் தெரிந்த சிறந்த முறையையும் முழுமையாக விளக்கக் கேட்கிறது. புதிய வழிகாட்டுதல் எழுதுகிறவர்கள் 3(கே) பிரிவின் சொற்களுக்கு இன்னொரு பொருள் தேடுவதைவிட, இந்த 10(4) பிரிவை மென்பொருளுக்குக் கறாராகப் பயன்படுத்தச் சொல்லலாம்: தரவு எந்த வடிவில் வருகிறது, எந்த வரிசையில் எந்த மாற்றம் நடக்கிறது, பழைய முறை எங்கே தடுமாறியது, இது எப்படித் தப்பிக்கிறது. இதை எழுத முடியாதவரிடம் 20 ஆண்டு உரிமையைக் கொடுக்கக் காரணமில்லை.