இதய மருத்துவரும் காப்பீட்டுத் தகுதியாய்வும்

நோயுற்றோர் மருத்துவரிடம் தம் உயிரையே ஒப்படைக்கின்றனர். இதயநோயைப் பொறுத்தவரை இக்கூற்று மிகையன்று. முன்பின் அறியாத ஒரு மருத்துவர் முறையாகக் கற்றுத் தேர்ந்தவர்தாமா என்பதை நோயாளி எங்ஙனம் அறிவார்? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இதனை ஆய்ந்தறியும் கடமையில் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் பங்குண்டு. மருத்துவரின் தகுதிகளைச் சரிபார்த்த பின்னரே அவை அவரைத் தம் பட்டியலில் சேர்த்துக்கொள்கின்றன.

அந்நாட்டில் இதயநோய் வல்லுநராக விழைவோர் மருத்துவப் பட்டம் பெற்றபின் பொது மருத்துவத்தில் 3 ஆண்டுகளும், இதய மருத்துவத்தில் 3 ஆண்டுகளும் பயிற்சி பெறுதல் வேண்டும். ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் துறைக்கு மேலும் ஓராண்டு தேவை. காப்பீட்டு நிறுவனம் இப்பயிற்சிகளோடு மாநில உரிமம், வாரியச் சான்று, 5 ஆண்டுப் பணி வரலாறு ஆகியவற்றையும் ஆராய்கிறது. பணியில் 6 திங்களுக்கு மேல் இடைவெளி இருப்பின் அதற்கும் விளக்கம் கேட்கப்படும்.

மருத்துவர் தரும் சான்றிதழ் நகலை மட்டும் நம்பி முடிவெடுப்பதில்லை என்பது இங்கு நோக்கத்தக்கது. உரிமம், பயிற்சி போன்றவை மூல இடத்திலேயே உறுதி செய்யப்படுகின்றன. ஒரு மாநிலத்தில் தண்டிக்கப்பட்டவர் அதனை மறைத்து வேறு மாநிலத்தில் தொழில் நடத்துவதைத் தடுக்கும் பொருட்டு, தேசிய மருத்துவர் தகவல் வங்கி 1990 இல் செயற்படத் தொடங்கியது. பட்டியலில் இடம் பெற்றவரும் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை மறு ஆய்வுக்கு உட்படுகிறார்.

இம்முறையில் இடர்ப்பாடும் உண்டு. ஆய்வு முடியப் பெரும்பாலும் மூன்று நான்கு திங்கள் ஆகின்றன. வல்லுநர் அரிதான சிற்றூருக்குப் புதிதாக ஓர் இதய மருத்துவர் வந்தாலும், அவர் பெயர் பட்டியலில் ஏறும்வரை நோயாளி மிகுதியாகச் செலவிட வேண்டும். அன்றேல் தொலைவிலுள்ள வேறொருவரை நாட வேண்டும். அவசர சிகிச்சையில் எதிர்பாராக் கட்டணச் சுமையைத் தடுக்கும் சட்டம் 2022 முதல் நடைமுறையில் உள்ளது. எனினும், வீடு திரும்பியபின் தொடரும் மருத்துவத்திற்கு அப்பாதுகாப்புப் பொதுவாகக் கிட்டுவதில்லை.

இதில் நமக்கும் தொடர்புண்டு. தமிழகத்தில் மருத்துவம் பயின்று அங்குப் பணிபுரியச் செல்வோரின் பட்டம், அவர்கள் பயின்ற கல்லூரியிடமே நேரில் கேட்டு உறுதி செய்யப்படுகிறது. கல்லூரி அலுவலகத்தில் ஒரு மடல் விடையின்றிக் கிடந்தால், கடல்கடந்து ஒரு மருத்துவரின் பணி தடைப்படும். அவருக்காகக் காத்திருக்கும் நோயாளியும் அல்லலுறுவார். பதிவேட்டைச் செம்மையாகப் பேணி உரிய காலத்தில் விடையளிக்கும் எழுத்தரும் உயிர்காக்கும் பணியில் ஒரு பங்கு ஆற்றுகிறார் என்பதை நாம் உணர்தல் வேண்டும். நாளை சான்றிதழ் பெறவும் சான்றளிக்கவும் இருக்கும் மாணவர்கள் இதனை நெஞ்சில் நிறுத்துவார்களாக.