ஆர்க்கிமிடீசும் ரப்பர்ப் பாலும்

கிரேக்கப் பேரறிஞர் ஆர்க்கிமிடீஸ் சிசிலித் தீவின் சைரக்யூஸ் நகரில் கி.மு. 287ஆம் ஆண்டளவில் தோன்றியவர். வட்டத்தின் சுற்றளவு அதன் விட்டத்தைப்போல் 3 1/7 மடங்குக்குக் குறைந்தும் 3 10/71 மடங்குக்கு மிகுந்தும் நிற்கும் என்பதை, 96 பக்கப் பலகோணங்களைக் கொண்டு நிறுவியவர். உரோமானியர் நகரை முற்றுகையிட்டபோது அவர் வகுத்த பொறிகள் பகைவரைத் தடுத்து நிறுத்தின. கி.மு. 212இல் நகர் வீழ்ந்தபொழுது உரோமானிய வீரனொருவன் கையால் அவர் மாண்டார்.

பொன்முடியில் வெள்ளி கலந்திருந்ததை அவர் கண்டறிந்த கதையைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆனால் அக்கதை அவருடைய நூல்களில் இல்லை. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வாழ்ந்த விட்ரூவியஸ் எழுதி வைத்தது. மிதக்கும் பொருள்களைப் பற்றிய நூலில் ஆர்க்கிமிடீஸ் நிறுவியது விதியேயாகும்: மிதக்கும் பொருள், தன் எடைக்குச் சமமான நீர்மத்தை விலக்கும் அளவுக்கே அமிழும்.

தம்பின் வட்டாரத் தோட்ட மக்களுக்கு இவ்விதி அயலானதன்று. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பாலின் தரமறியப் பயன்பட்ட மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவி, இதன் வழியே இயங்குவது. ரப்பர் நீரினும் இலேசானது. ஆதலின் ரப்பர் மிகுந்த பாலில் மிதவை ஆழ்ந்து அமிழும். நீர் மிகுந்தால் மேலெழும். பசும்பாலிலோ இது தலைகீழ். அது நீரினும் கனமானதால், நீர் கலந்தால் மிதவை தாழும்.

இதனால் விளையும் பயன் யாது? நூற்றுக்கு 30 பங்கு ரப்பருள்ள 20 கிலோ பாலில் 6 கிலோ உலர்ந்த ரப்பர் உண்டு. 5 கிலோ நீரைச் சேர்த்தால் நிறை 25 கிலோவாகும். பங்கோ 24 ஆகக் குறையும். ரப்பர் அதே 6 கிலோதான். நீர் சேர்த்தவர்க்கு ஊதியம் மிகாது. மாறாக, நல்ல பாலின் அளவை 30 என்னாமல் 24 எனப் பிழையாகக் குறித்தால், கணக்கில் 4.8 கிலோவே ஏறும். உலர்ந்த ரப்பரின் நிறைக்கேற்பக் கூலி பெறுபவர் 1.2 கிலோவின் பயனை இழப்பார்.

ஆகவே, அளவுகோலைப் படிக்கத் தெரிந்த கண் கூலிக்கும் காவலாகும். மன்னன் முடியைச் சொல்லி இப்பாடத்தைத் தொடங்கும் ஆசிரியர், பால்வாளியைக் காட்டி முடிப்பாராயின், மாணவர் உள்ளத்தில் விதியும் நிற்கும். அதன் நேர்மையும் நிற்கும்.